கூப்பிடு தூரம்

தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. ஒட்டுக் கேக்கலீங்க. நீங்க போன்ல பேசுனது அதுவா வந்து காதுல விழுந்துருச்சு. லோன் போட்டு வீடு வாங்கப் போறீங்க, நாளைக்கு இன்ஜினியர் வந்து அந்த வீட்டைப் பாக்கறாரு, அதானுங்க? நீங்க மெதுவாத்தான் பேசுனீங்க. பஸ் எரைச்சல் வேற. ஆனாலும் கேட்டுச்சு. முப்பத்திநாலு வருசம் மில்லுல ஸ்பின்னிங்ல ஃபிட்டரா இருந்தவனுங்க நான். என்ற கூட வேலை பாத்தவனெல்லாம் ரிட்டயர் ஆகறப்ப டமாரச் செவிடு. எனக்கு முன்சீட்டுல அந்தம்மா பிஸ்கட் பொட்டலம் பிரிக்கறது வரைக்கும் கேக்குது.

இன்ஜினியருன்னு சொன்னீங்க பாருங்க, அதனாலதான் வாயைத் தொறந்தேன். நான் வாங்கறவன் இல்லீங்க, வித்தவன். இன்னைக்குக் காலையிலதான் சாவியைக் குடுத்துட்டு வர்றேன். ஓசூர்ல பொண்ணு வீடு. இனி அங்கதான். நீங்க சேலம் வரைக்கும் வர்றீங்கல்ல? அப்ப நேரம் இருக்குது.

என்ற வீட்டைப் பாக்க வந்த இன்ஜினியர் அம்மிணி என்ன எழுதிக் குடுத்துச்சு தெரியுங்களா? வீட்டுல ஒரு கொறையும் இல்லைன்னு. எட்டுப் பக்கம். எட்டுப் பக்கத்துலயும் நல்லாருக்கு, நல்லாருக்கு, நல்லாருக்கு. வித்தவன் சந்தோசப்படோணும், இவன் எதுக்கு வருத்தப்படறான்னு பாக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் பாத்தாங்க. முப்பத்திமூணு வருசம் குடியிருந்தவன் நான், கொறை இருக்குதுன்னு சொல்றேன். ரெண்டு மணி நேரம் சுத்திப் பாத்துட்டு அது இல்லைங்குது. நாயமுங்களா?

மொதல்ல இருந்து சொல்றேன்.

வீடு கணபதிங்கற ஏரியாவுல. மில்லுக்காரங்க சேந்து சைட் பிரிச்சு வாங்குனது. தொண்ணூத்தியொண்ணுல கட்டுனேன். ஷிப்ட் முடிஞ்சு வந்து நானும் என்ற சம்சாரமும் சுவத்துக்குத் தண்ணி ஊத்துவோம். முன்னால ஹாலு, அடுத்து ஒரு ரூமு, அடுத்து சமையக்கட்டு, அதைத் தாண்டுனா பொடக்காலி. பொடக்காலின்னா பின்வாசலுங்க, எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அங்க துணி தொவைக்கற கல்லு, அதை ஒட்டிக் குளிக்கற ரூமு. எல்லாம் ஒரே நேர்கோட்டுல. ஹால்ல நாற்காலியைப் போட்டு உக்காந்தா கண்ணுக்கு நேரா பின்கதவு தெரியும்.

சம்சாரம் தவறி ரெண்டு வருசமாச்சு. கமலவேணின்னு பேரு. நான் வேணிம்பேன்.

அதுக்கப்புறம் தனியாத்தான் இருந்தேன். அதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்க. சோறு ஆக்கத் தெரியும், ரசம் வைக்கத் தெரியும். காத்தால எந்திரிச்சா வாசல் கூட்டி, பேப்பர் படிச்சு, டிவியைப் போட்டு, எப்படியும் பொழுது போயிரும். பொழுதோட கதவைச் சாத்திட்டா மறுநாள் பால்காரன்கிட்டத்தான் வாயைத் தொறக்கறது. அவனும் இப்பெல்லாம் பாக்கெட்டைக் கேட்டுல மாட்டிட்டுப் போயிடறான். சில நாளைக்குத் திடீருன்னு போன் வந்தா தொண்டையே எந்திரிக்காது. செருமிச் செருமிப் பேசோணும். அதெல்லாம் வயசுங்க.

பொண்ணு சுகந்திதான் விடலை. வித்துட்டு வந்துருங்கப்பா, வித்துட்டு வந்துருங்கப்பான்னு. கடைசியில அதுவே ஒரு புரோக்கரைப் புடிச்சு வீட்டுக்கு அனுப்பி வெச்சுருச்சு. மயில்சாமின்னு பேரு. நல்ல மனுசன்தான். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

மொதப் பார்ட்டி திருப்பூர்க்காரங்க. புருசனும் பொண்டாட்டியும். வீடு புடிச்சுப் போச்சு, நம்ம இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து ஒருக்காப் பாத்துக்கறோம்னாங்க. வந்தாரு. வயசானவரு. கையில ஒரு சின்னச் சுத்தி. டாக்டருங்க நெஞ்சைத் தட்டிப் பாப்பாங்கல்ல, அப்படிச் சுவத்தைத் தட்டிக் காதை வெச்சுக் கேப்பாரு. எனக்குப் புடிச்சுப் போச்சு. நான் டார்ச்சை எடுத்துட்டு அவரு கூடவே போனேன். பரண் மேல விரிசல் இருக்குதுங்க, வாங்க காட்டறேன். மேக்குச் சுவத்துல மழைக்காலம் வந்தா மொழங்கால் ஒசரத்துக்கு ஓதம் ஏறுமுங்க, தொட்டுப் பாருங்க. சன்ஷேடு ஒரு பக்கம் லேசா எறங்கியிருக்குது. நான் சொல்லச் சொல்ல அவரு எழுதிக்கிட்டாரு. காப்பி போட்டுக் குடுத்தேன். ஒன்னரை மணி நேரம் இருந்தாரு. கட்டடம் கட்டுன காலத்துக் கதையெல்லாம் பேசுனோம். அன்னைக்குப் பொழுது போனதே தெரியலீங்க.

கெளம்பறப்ப நான் சொன்னேன், எல்லாத்தையும் எழுதுனீங்க, முக்கியமான கொறையை எழுதலீங்களேன்னு. என்னங்க அதுன்னாரு. இந்த வீட்டுல பின்னால இருந்து கூப்பிட்டா முன்னால கேக்காதுங்கன்னேன். சத்தம் வராது. சமையக்கட்டுச் சுவரு ஒம்போது இஞ்சு, கதவு தேக்கு, என்ன காரணமோ தெரியலை, நீங்கதான் படிச்சவரு, பாத்துச் சொல்லோணும்னேன். அவரு சிரிச்சாரு. வெளையாட்டுன்னு நெனைச்சாரு. நான் காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்னுருச்சு. பக்கத்துல நின்னுட்டிருந்த அந்தத் திருப்பூர்க்காரம்மா மூஞ்சி மாறிப் போச்சு. போனவங்க போனவங்கதான்.

காரணம் என்னன்னு உங்களுக்கும் சொல்லோணுமில்ல?

ரெண்டு வருசத்துக்கு முந்தி, பொரட்டாசி மாசம். காத்தால பத்தரை பதினொன்னு இருக்கும். வேணி குளிக்கப் போனா. நான் ஹால்ல பேப்பர் படிச்சுட்டிருந்தேன். பன்னண்டரைக்குப் பசியெடுத்துச்சு. சோறு போட ஆளக் காணமேன்னு பின்னால போய்ப் பாத்தா, குளிக்கற ரூமுக் கதவு உள்ளாற சாத்தியிருக்குது. தண்ணி ஓடற சத்தம். தள்ளிப் பாக்கறேன், தொறக்கலை. கதவுக்குப் பின்னாலதான் விழுந்து கெடக்கறா. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுக் கதவைக் கழட்டித்தான் எடுத்தோம். இடுப்பெலும்பு போச்சு, தலையிலயும் அடி. ஆஸ்பத்திரியில ஒம்போது நாள் இருந்தா. நாலாவது நாளு கண்ணு முழிச்சு என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா. 'கூப்பிட்டனுங்க'ன்னா. அவ்வளவுதான். அப்புறம் பேச்சே இல்லை.

நான் சொன்னேன், கேக்கலை வேணின்னு. அவளுக்குக் கேட்டுச்சோ என்னமோ.

கேக்கலீங்க தம்பி. சத்தியமாச் சொல்றேன். அவளுக்கு எதுக்கெடுத்தாலும் கூப்பிடறது பழக்கம். ஏனுங்க, துண்டை மறந்துட்டேன். ஏனுங்க, பல்லி இருக்குது. ஏனுங்க, சோப்பு தீந்துருச்சு. மொதக் குரலுக்கு நான் எந்திரிக்க மாட்டேன். ரெண்டாவதுக்கும் எந்திரிக்க மாட்டேன். மூணாவது கூப்பிட்டாத்தான் நெசமாலுமே வேலை இருக்குதுன்னு அர்த்தம். முப்பது வருசம் இப்படித்தான் ஓடுச்சு, அவளுக்கும் தெரியும். அதுவுமில்லாம அதுக்கு நாலு நாள் முந்தி எங்களுக்குள்ள ஒரு சின்னப் பேச்சு. அவளுக்கு மொழங்கால் வலி. பொடக்காலி வரைக்கும் படியெறங்க முடியலை, குளிக்கற ரூமை வீட்டுக்குள்ளாறயே கட்டுங்கன்னு ஆறு வருசமாச் சொல்லிட்டிருந்தா. நல்லாருக்கற ரூமை எதுக்கு இடிக்கோணும்னு நான் சொல்லிட்டேன். அதுல பேச்சு வார்த்தை இல்லை. நாலு நாளா அவ என்னைக் கூப்பிடலை, நானும் அவளைக் கூப்பிடலை. பேசாம இருந்தவ கூப்பிடறான்னா சமாதானத்துக்குத்தான் வர்றா, வரட்டும்னுதான் எவனும் நெனைப்பான்.

அதாவது, கேட்டிருந்தா அப்படி நெனைச்சிருப்பேன்னு சொல்றேன். கேக்கலையே.

பொறத்தால வீட்டு ராஜாமணியம்மா சாவு வீட்டுல வந்து சொன்னாங்க, யாரோ கூப்பிடறாப்ல இருந்துச்சு, அண்ணன் வீட்டுல இருக்காரேன்னு இருந்துட்டேன்னு. பாருங்க, பின்னால வீட்டுக்குக் கேட்டிருக்குது, முன்னால எனக்குக் கேக்கலை. அப்ப சத்தம் பின்பக்கமாப் போகுதுன்னுதானே அர்த்தம்?

காரியமெல்லாம் முடிஞ்சு சுகந்தி என்னை ஓசூருக்குக் கூட்டிட்டுப் போயி காது டாக்டர்கிட்டக் காட்டுச்சு. கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வெச்சு, காதுல ஒன்னை மாட்டி, சத்தம் கேக்கறப்பெல்லாம் பட்டனை அமுக்குங்கன்னாங்க. எல்லாத்துக்கும் அமுக்குனேன். கொசு மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, அதுக்கும் அமுக்குனேன். டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. முப்பது வயசு ஆளு காது உங்களுக்குன்னாரு. எனக்குப் பெருமையாப் போச்சு. சுகந்திதான் திரும்பி வர்றப்ப ஆட்டோவுல மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. வெளிய பாத்துட்டே வந்துச்சு. அப்பன் காது நல்லாருக்குதுன்னா புள்ளைக்குச் சந்தோசந்தானே வரோணும்?

சரி. அப்ப காதுல கொறை இல்லை. கொறை எங்க இருக்கும்? வீட்டுலதான். இதை எழுதிக் குடுங்கன்னா ஒரு படிச்சவனும் எழுத மாட்டேங்கறான்.

ரெண்டாவது பார்ட்டிக்கு பேங்க்ல இருந்து ஒருத்தரு மதிப்புப் போட வந்தாரு. அவரு ஆளு சரியில்லை. பத்து நிமிசம். போன்ல நாலு போட்டோ. தண்ணி கூடக் குடிக்கலை. நான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிக் குளிக்கற ரூமைக் காட்டுனேன். சத்தத்துக்கெல்லாம் எங்க ஃபாரத்துல எடமில்லீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்தப் பார்ட்டியும் வரலை. ஓனரு ஒரு மாதிரின்னு யாரோ சொல்லியிருக்காங்க.

மயில்சாமிக்கு வந்துச்சே கோவம். வெள்ளியங்கிரி அண்ணா, வீடு விக்கறவங்க வீட்டைப் பத்தி நல்லதாச் சொல்லுவாங்க, இல்லாட்டிப் பேசாம பொட்டாட்ட இருப்பாங்க, நீங்க என்னடான்னா டார்ச் அடிச்சுக் காட்டறீங்கன்னாரு. அடுத்த தடவை ஆளு வர்றப்ப நீங்க வீட்டுலயே இருக்கக் கூடாதுன்னுட்டாரு.

மூணாவதா வந்தவங்கதான் வாங்குனவங்க. ஜெகதீசன்னு பாலிடெக்னிக்ல வாத்தியாரு. சம்சாரம் அனுப்பிரியா. சின்ன வயசுதான். அவங்க கூட்டிட்டு வந்ததுதான் நான் சொன்னனே, அந்த இன்ஜினியர் அம்மிணி, மிருதுளா. மயில்சாமி என்னைக் கூட்டிட்டுப் போயி பஸ் ஸ்டாப்புக்கிட்ட டீக்கடையில உக்கார வெச்சாரு. எத்தனை நேரம் உக்கார்றது? என்ற வீட்டுக்கு வந்திருக்கற ஆளு. அவரு போன் பேசத் திரும்புனாரு, நான் வீட்டைப் பாக்க நடந்துட்டேன்.

போயிப் பாத்தா வாத்தியாரும் சம்சாரமும் கெளம்பிட்டாங்க, அந்த அம்மிணி மட்டும் தனியா ரசமட்டத்தை வெச்சுத் தரை மட்டமா இருக்குதான்னு பாத்துட்டிருக்குது. பொறுமையான புள்ளைங்க. சுவத்துல ஒரு மிஷினை வெச்சு ஈரம் பாத்துச்சு. நான் காட்டுன விரிசலையெல்லாம் பாத்துட்டு, இது பூச்சுல இருக்கற விரிசல் சார், கட்டடத்துக்கு ஒன்னுமில்லைன்னுச்சு. ஓதம் பழசு, இப்ப இல்லைன்னுச்சு. குளிக்கற ரூமுத் தரையில தண்ணி ஊத்தி, அது ஓடற வாட்டம் பாத்துச்சு. சரியான வாட்டம், யாருங்க போட்டதுன்னு கேட்டுச்சு. நான் போட்டதுன்னேன். வழுக்குமான்னு கேட்டேன். ஈரமா இருந்தா எந்தத் தரையிலயும் கால் வழுக்கலாம் சார், அது தரையோட தப்பு இல்லைன்னுச்சு.

அப்பத்தான் நான் சத்தத்தைப் பத்திச் சொன்னேன். சிரிக்கும்னு பாத்தேன். சிரிக்கலை. எங்க உக்காந்திருந்தீங்கன்னு கேட்டுச்சு. நாற்காலியைக் காட்டுனேன். அம்மா எப்படிக் கூப்பிடுவாங்கன்னு கேட்டுச்சு. ஏனுங்கன்னு கூப்பிடுவான்னேன். 'அதே எடத்துல உக்காருங்க சார். நான் உள்ள போயிக் கதவைச் சாத்திட்டுக் கூப்பிடறேன். கேட்டா கேக்குதுன்னு சொல்லுங்க'ன்னு சொல்லிட்டுப் பின்னால போயிருச்சு.

உக்காந்தேன். கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. தாப்பாப் போடறது கூடக் கேட்டுச்சு.

ஏனுங்கன்னுச்சு.

நான் பேசலை. பரிச்சைன்னு தெரிஞ்சு காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கறவனுக்குக் கேக்கத்தான் செய்யும். அது கணக்குல வராதில்லீங்களா? மறுக்கா கூப்பிட்டுச்சு. அதுக்கும் பேசலை. மூணாவது கொஞ்சம் சத்தமா வந்துச்சு. அப்புறம் கூப்பிடலை.

அந்த அம்மிணி கதவைத் தொறந்துட்டு வெளிய வர்றப்ப நான் சமையக்கட்டைத் தாண்டி பின்கதவு நெலையைப் புடிச்சுட்டு நின்னுட்டிருந்தேன். எப்ப எந்திரிச்சேன், எப்படி அங்க வந்தேன், தெரியலீங்க. எனக்கு நேரா வந்து நின்னுச்சு.

"கேக்குதுங்க சார்"னுச்சு.

கேக்கலை அம்மிணி, தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தேன்னு சொன்னேன்.

டீ போட்டேன். எதுத்தாப்ல உக்காந்து குடிச்சுது. அந்த ஹால்ல எனக்கு எதுத்தாப்ல இன்னொரு ஆளு உக்காந்து டீக்குடிச்சு எத்தனையோ நாளாச்சுங்க. நான் கேட்டேன், ஒரே ஒரு வரி எழுதிரு அம்மிணி, சத்தம் சரியா வரலைன்னு எழுதிரு, வெலை கொறைஞ்சாலும் பரவால்லைன்னேன். அது டம்ளரைக் கீழ வெச்சுது. அப்புறம் கேட்டுச்சு.

"அம்மா அன்னைக்கு எத்தனை தடவை கூப்பிட்டாங்க சார்?"

பாருங்க தம்பி, என்ற பொண்ணை விடச் சின்னது. கேக்கற கேள்வியா இது? எனக்கெப்படித் தெரியும் எத்தனை தடவைன்னு? வேலை முடிஞ்சா கெளம்பு அம்மிணின்னு சொல்லிட்டேன். பையை எடுத்துட்டு எந்திரிச்சுது. டீ பாதி அப்படியே இருந்துச்சு. வாசல் கேட்டுக்கிட்டப் போயித் திரும்பி, உடம்பைப் பாத்துக்கங்க சார்னுட்டுப் போச்சு. அப்புறம் ரெண்டு மூணு நாளு அந்தப் புள்ள மறுக்கா வரும், எதையாவது பாக்காம விட்டிருக்கும்னு பாத்துட்டிருந்தேன். வரலை.

எட்டுப் பக்கம்தான் வந்துச்சு. ஒரு கொறையும் இல்லைன்னு.

அதுக்கப்புறம் மடமடன்னு எல்லாம் முடிஞ்சுது. சுகந்தியும் மாப்பிள்ளையும் வந்து பத்திரம் பதிஞ்சு, சாமானையெல்லாம் லாரியில ஏத்திட்டு நேத்தைக்கே போயிட்டாங்க. கூடவே வாங்கப்பான்னாங்க. சாவி குடுத்துட்டு நாளைக்கு பஸ்ஸுல வர்றேன்னு நான்தான் இருந்துட்டேன். வாத்தியாரு காத்தால பத்து மணிக்கு வர்றேன்னிருந்தாரு.

இன்னைக்குக் காத்தால எட்டு மணிக்கெல்லாம் குளிச்சு ரெடியாயிட்டேன். வெறும் வீடு. உக்கார ஒரு ஸ்டூலு கூட இல்லை. இந்தப் பை ஒன்னுதான். ஹால்ல நின்னு பாத்தேன். எனக்கு மனசே ஒப்பலை. அந்த அம்மிணி பரிச்சை பண்ணுனது சரியில்லை, நாமளே ஒருக்காப் பாத்துரலாம்னு தோணுச்சு. ஆனா பாருங்க, அதுக்கு ரெண்டு ஆளு வேணுமுங்க. கூப்பிட ஒரு ஆளு, கேக்க ஒரு ஆளு. ரெண்டு வருசமா அந்த வீட்டுல அதுதான் இல்லை.

என்னமோ, பொடக்காலிக்குப் போனேன். குளிக்கற ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்தித் தாப்பாப் போட்டேன். இருட்டு. சின்ன சன்னல் ஒன்னுதான். அவ விழுந்து கெடந்த எடத்துல, அந்தத் தரையில, முதுகைச் சுவத்துல சாச்சு உக்காந்தேன். அங்க உக்காந்து பாத்தா கதவு எவ்வளவு ஒசரம் தெரியுங்களா? தாப்பா கைக்கு எட்டாது. எத்தனை நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியலை. அப்புறம் கூப்பிட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிடலை. ஏனுங்கன்னுதான் கூப்பிட்டேன், அவ கூப்பிடறாப்ல. பெருசாவும் இல்லை. சாதாரணமா, துண்டு கேக்கறாப்ல.

தடதடன்னு செருப்புச் சத்தம். ஹால்ல கேக்குது, ரூமுல கேக்குது, சமையக்கட்டுல கேக்குது. கதவைப் போட்டுத் தட்டுது. 'அப்பா, அப்பா, என்னாச்சுங்கப்பா, கதவைத் தொறங்க, விழுந்துட்டீங்களா?'ன்னு. அந்த வாத்தியார் சம்சாரம், அனுப்பிரியா. பத்து மணிக்கு முந்தி, நேரத்துலயே வந்துட்டாங்களாம். அவரு வெளிய வண்டியை நிறுத்திட்டிருக்காரு, அது கேட்டைத் தொறந்துட்டிருந்திருக்குது. வாசப்படி கூட இன்னும் மிதிக்கலை. அங்க கேட்டிருக்குது. செருப்பைக் கூடக் கழட்டாம வீட்டுக்குள்ளாற ஓடி வந்திருக்குது.

எந்திரிச்சுத் தாப்பாளைத் தொறந்தேன். அதுக்கு மூச்சு வாங்குது. என்ற ரெண்டு கையையும் புடிச்சுட்டு, அடி பட்டுருச்சாங்கப்பா, எங்கீங்கப்பான்னு கேக்குது. சாவி சட்டை ஜோப்புல இருந்துச்சு. அதை எடுத்து அது கையில வெச்சேன்.

நீ ஏன் அம்மிணி இப்படி ஓடி வந்தேன்னு கேட்டேன். கூப்பிட்டீங்களேப்பான்னுச்சு.

ஒரே ஒரு தடவைதாங்க கூப்பிட்டேன்.